மீட்டிங் கூப்பிடும் முன் ஒரு வரி எழுதுங்கள்

காலண்டரில் "ப்ராஜெக்ட் பற்றிப் பேச" என்று மட்டும் போட்டு எட்டுப் பேரை ஒரு மணி நேரம் உட்காரவைத்தால், எல்லோரும் நன்றாகப் பேசிவிட்டு எழுந்து போவார்கள், முடிவு மட்டும் வந்திருக்காது. கூட்டிப் பார்த்தால் அது எட்டு மணி நேரம், ஒரு ஆளின் முழு நாள் வேலை. அதனால் அழைப்பு அனுப்பும் முன்பே, மீட்டிங் முடியும்போது எது முடிவாகியிருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "புது வெர்ஷனை இந்த மாதம் வெளியிடுவதா, அடுத்த மாதமா?" இந்த மாதிரி. அப்படி ஒரு வரி எழுத வரவில்லையா, மீட்டிங்கே வேண்டாம், சொல்ல வேண்டியதை மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

வரி கிடைத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரிந்துவிடும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், வேலையைச் செய்யப்போகிறவர்கள், விவரம் தெரிந்தவர், அவ்வளவுதான். முடிவெடுக்க வேண்டியவர் வர முடியாவிட்டால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் அவர் வந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும்.

படிக்க வேண்டியதை முந்தின நாளே அனுப்பினாலும் பலர் படிக்காமல்தான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கிறது. அமேசானில் 2004-ல் மேல்மட்ட மீட்டிங்குகளில் பவர்பாயிண்டை நிறுத்திவிட்டு, எழுதி வந்த குறிப்பை மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அங்கே ஆறு பக்கம் வரை போகும், நமக்கு ஒரு பக்கமும் ஐந்து நிமிடமும் போதும்.

அப்புறம் பேச்சு. கனமான விஷயத்தை முதலில் எடுங்கள், ஏனென்றால் லேசான விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், அதிலேயே பாதி நேரம் போய்விடும். மேனேஜர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள், வேலைக்குப் புதிதாக வந்தவர் கவனித்து வைத்திருந்த சிக்கல் வெளியே வராமலே போய்விடும். வாய் திறக்காமல் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், "இதில் எது சரிப்படாது என்று நினைக்கிறீர்கள்?" என்று. பேச்சு வேறெங்கோ போனால் அதை ஓரமாகக் குறித்துவைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று வாய்விட்டுப் படியுங்கள். "நாம பாத்துக்கலாம்" என்று முடிந்த வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள், ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். அதையே அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

வாராவாரம் நடக்கும் மீட்டிங் ஏதாவது பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால், டீமிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். எந்த வேலையும் தடைப்படவில்லை என்றால் காலண்டரிலிருந்து எடுத்துவிடலாம்.