வாக்குத்தத்த அட்டையும் அதற்கு மேல் வசனமும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம்; புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு வருஷம் எனக்கு எரேமியா 29:11 வந்தது: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” சந்தோஷமாகத் தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். பிப்ரவரியில் எங்க வீட்டுக்காரருக்கு வேலை போனது. மார்ச்சில் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மெஷினை மிதிக்கும்போதெல்லாம் அந்த அட்டை கண்ணில் படும். ஏப்ரலில் ஒரு நாள் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கிழித்த பிறகு பயம். வேறு தாளிலாவது எழுதி ஒட்டிவிடலாம் என்று வேதாகமத்தைத் திறந்தால், கண் மேல் வசனத்துக்குப் போனது. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிற்பாடு என்று இருக்கிறது! அட்டையில் அதைப் போடமாட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம், உங்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு வசனம் மனதைத் தொட்டால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படியுங்கள். எரேமியா 29, எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்திலேயே நின்று சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் அது பொய். எரேமியாவோ, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பழத்தைச் சாப்பிடுங்கள் என்று எழுதுகிறார். காத்திருக்கிற காலத்தையும் வாழச் சொல்லுகிற வார்த்தை அது. நான் அன்று சாயங்காலமே கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டேன். சிரிக்காதீர்கள். உடனே செய்கிற மாதிரி அந்த அதிகாரத்தில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஜெபிக்கவே தெம்பில்லாத நாள் வரும். அன்றைக்கு முதலில் சாப்பிடுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஜெயத்தைப் பார்த்த எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார், தூதன் திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். 1 இராஜாக்கள் 19. பண்டிகை நேரத்தில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஊக்கு தைத்துவிட்டு, காலையில் தியானம் பண்ணவில்லையே என்று அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை, கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

அடுத்தது, முறையிடுவது. ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்கவேண்டும் என்று பழகிவிட்டோம். சங்கீதம் 13ஐ வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை “எதுவரைக்கும்” வருகிறது. மொத்தமே ஆறு வசனம். நான் பாபினில் நூல் சுற்றும்போது சொல்வேன், நூல் நிறைவதற்குள் முடிந்துவிடும். அது ஆறாம் வசனத்தில் பாட்டாக முடிகிறது. ஆனால் 88ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டுதான், விடியவே விடியாது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பது எனக்கு எந்த வாக்குத்தத்தத்தையும்விடப் பெரிய ஆறுதலாக இருந்தது. அத்தை ஆஸ்பத்திரியில் இருந்த ராத்திரிகளில் அதைத்தான் வாசித்தேன்.

மற்றவர்களிடம் ஜெபம் கேட்கும்போது “எனக்காக ஜெபிச்சுக்கோங்க” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். “சரி” என்பார்கள், மறந்துவிடுவார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரே ஒரு அக்காவிடம், “வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நகையை அடகு வைக்கப் போறேன்க்கா, அந்த நேரத்துல நினைச்சுக்கோங்க” என்றேன். அக்கா ஜெபித்தார்களா என்று கேட்டதில்லை. பதினோரு மணிக்கு அடகுக் கடை வாசலில் குடையோடு நின்றார்கள்.

“விசுவாசம் பத்தாது, அதான் இப்படி” என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், விவாதம் வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன்மேல்தான் குற்றம் என்று வாய் திறக்கும்வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் முழுக்க வேலை கிடைக்கவில்லை. முருங்கை மட்டும் பிடித்துக்கொண்டது. அத்தை இப்போது வாக்கர் பிடித்துக் கொல்லைவரைக்கும் போய், கீரை உருவிக்கொண்டு வருவார்கள்.

இந்த வருஷ அட்டையில் ஏசாயா 43:2 வந்திருக்கிறது, தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன் என்று. இன்னும் ஒட்டவில்லை. 42ஆம் அதிகாரத்தின் கடைசியில் நிற்கிறேன், அது கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது.