ஏடிஎச்டி மாத்திரையை வீட்டில் எப்படிக் கையாள்வது?

வடசென்னையில் ஒரு பையனைப் பற்றி 'மாத்திரை போடுறான்' என்று சொன்னால், காய்ச்சலுக்குப் போடுகிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு வீணாய்ப் போன பிள்ளைகளை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. அதனால், என் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற கோளாறு என்று சொல்லி மனநல டாக்டர் மீத்தைல்பெனிடேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, "புள்ளைக்கு நீயே பழக்கிவிடப் போறியா?" என்று என் மாமியார் கேட்டார். அவர் பயந்ததில் தப்பே இல்லை. அதே பயத்தோடு இருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறவள், டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூளையில் சுரக்கும் டோபமைன், நாரட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்களும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கிறது. அதனால் கவனம் ஓரிடத்தில் நிற்கிறது. என் மகன் இப்போது ஒரு கணக்கைத் தொடங்கினால் விடை வரும்வரை உட்காருகிறான். அதைவிட எனக்குப் பெரிய நிம்மதி, மின்ட் சிக்னலில் என் கையை உதறிவிட்டு ஓடுவது குறைந்தது. ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு மருந்து எடுக்கும் காலத்தில் விபத்துக் காயங்கள் குறைகின்றன என்று பெரிய ஆய்வுகளிலும் வந்திருக்கிறது.

அப்படியென்றால் போதை எங்கிருந்து வருகிறது? மருந்து மூளைக்குள் ஏறுகிற வேகத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது விஷயம். டாக்டர் சொன்ன அளவில் வாய்வழியாகப் போட்டால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், கிறக்கம் இருக்காது. அதையே பொடித்து மூக்கில் இழுத்தாலோ, ஊசியில் ஏற்றினாலோ, கைநிறைய விழுங்கினாலோ சட்டென்று உச்சிக்குப் போகும். மனசு அதைத்தான் மறுபடி மறுபடி கேட்க ஆரம்பிக்கும். சின்ன வயதில் முறையாக மருந்து எடுத்த பிள்ளைகள் அதனாலேயே பின்னாளில் போதைக்குப் போகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மாமியாரிடம் நான் சொன்னதும் இதைத்தான். ஆனாலும் அசட்டையாக இருக்க முடியாது. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் அடிமையாகும் ஆபத்து பற்றிய எச்சரிக்கையைப் புதுப்பிக்கச் சொன்னது. நண்பர்களும் சொந்தக்காரர்களும் பகிர்ந்துகொள்வதுதான் மருந்து தப்பான கைக்குப் போகும் முக்கிய வழி என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். நாம் காக்க வேண்டிய இடம் நம் வீடுதான்.

வாங்குவதிலிருந்தே ஆரம்பியுங்கள். இது ஷெட்யூல் எக்ஸ், அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிற பட்டியலில் உள்ள மருந்து, எல்லா மெடிக்கலிலும் இருக்காது. எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடமே கேளுங்கள். சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். இரண்டு வருடம் அவர் அதைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். 'சீட்டு வேணாம்மா, நான் தரேன்' என்று யாராவது சொன்னால் அந்தப் படியில் மறுபடி ஏறாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ லாக்கர். சாமி அலமாரியும் ஃப்ரிட்ஜ் மேல்தட்டும் வேண்டாம். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, கொடுத்த நேரம், ஸ்ட்ரிப்பில் மிச்சம், அன்றைக்குச் சாப்பாடு, தூக்கம் என்று ஐந்து கட்டம். கடையில் ராத்திரி கல்லா கணக்கு முடிக்கிற பழக்கம் எனக்கு இங்கே கை கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரிப்பை எடுத்து நோட்டோடு ஒத்துப் பார்ப்பேன். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கே விசாரித்துவிட வேண்டும். மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள், விழுங்குவதைப் பாருங்கள். நாள் முழுக்க வேலை செய்கிற வகையாக இருந்தால் பொடிக்கவோ மெல்லவோ கூடாது, மொத்த அளவும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

அப்புறம் சொந்தக்காரர்கள். என் நாத்தனார் மகன் நீட் பரீட்சைக்குப் படிக்கிறான். "அத்தை, ஒண்ணே ஒண்ணு குடுங்க, ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சிடுறேன்" என்றான். நல்ல பிள்ளைதான், அதனால்தான் நேராகவே சொன்னேன். உன் இதயத்தை யாரும் பார்க்கவில்லை, பி.பி. யாரும் எடுக்கவில்லை. 2023-ல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடிஎச்டி இல்லாதவர்களுக்கு இதைக் கொடுத்துச் சிக்கலான புதிர்களைப் போடவைத்தார்கள். கூடுதலாக உழைத்தார்கள், ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. முழித்திருப்பதும் மண்டையில் ஏறுவதும் வேறு வேறு. போதாததற்கு இது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற மருந்து, அன்பாகக் கொடுத்தாலும் அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம். அவன் முகம் வாடியது. பரவாயில்லை.

சாப்பாடுதான் தினசரிப் போராட்டம். மருந்து போட்டால் பசி செத்துவிடும், மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் இட்லி, முட்டை எல்லாம் உள்ளே போன பிறகுதான் மாத்திரை. சாயங்காலம் மருந்து இறங்கும்போது எரிச்சல் வரும், அழுகைகூட வரும், கூடவே பசியும் வரும். அந்த நேரத்தில் புத்தகத்தை நீட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அது அத்தோ (பர்மா நூடுல்ஸ்) நேரம். எக்ஸ்ட்ரா வெங்காயத்தோடு ஒரு தட்டு முடித்தால்தான் பேச்சே. மாத்திரையைத் தாமதமாகக் கொடுத்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும். காலையில் மறந்துவிட்டால் சாயங்காலம் ஈடுகட்ட வேண்டாம். காபி, டீயைக் குறையுங்கள், படபடப்பு கூடும். உயரம், எடை, நாடித்துடிப்பு, பி.பி. ஒவ்வொரு முறையும் டாக்டர் பார்க்கிறாரா என்று கவனியுங்கள், பார்க்காவிட்டால் கேளுங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று நெஞ்சடைத்து இறந்திருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது குடி, போதைப் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அட்டமாக்ஸிட்டின் என்று போதை ஏற்றாத மருந்தும் இருக்கிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும், ஆனால் சில வீடுகளுக்கு அதுதான் சரி.

எப்போது பயப்பட வேண்டும்? மாத்திரை தேதிக்கு முன்பே தீர்கிறது, 'ஸ்ட்ரிப் தொலைஞ்சுபோச்சு' என்று அடிக்கடி வருகிறது, பையன் தானாகவே அளவைக் கூட்டிக்கொள்கிறான், ராத்திரி ராத்திரியாகத் தூங்காமல் எல்லார்மீதும் சந்தேகப்படுகிறான் என்றால் திட்டிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத குரல் கேட்பது என்றால் உடனே எமர்ஜென்சிக்கு. எங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று எவனாவது கிண்டல் செய்வான் என்பதற்காக மனநல டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு போன் பண்ணுங்கள், அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

டாக்டர் மருந்தை மாற்றினால் பழைய ஸ்ட்ரிப் மிச்சமாகும். 'எப்போதாவது உதவும்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அப்படியே குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது நோட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய், எப்படி அழிப்பது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.