யூடியூபர் பாக்சிங் மேட்ச் பாக்க உக்கார்றதுக்கு முன்னாடி எதெல்லாம் பாக்கணும்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை காலைல காரைக்குடில ஃபிரண்டு வீட்டு முகப்புல ஆறேழு பேரு உக்காந்து யூடியூபர் ஜேக் பாலும் பழைய ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனும் மோதுன பாக்சிங் மேட்ச் பாத்தோம். அவங்க வீட்டு ஆச்சி வெள்ளைப்பணியாரமும் மிளகா சட்னியும் கொண்டாந்து கொண்டாந்து வைக்குறாங்க. டைசன் தோத்து மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு கட்சியாயிருச்சு, ஒருத்தன் எல்லாம் ஸ்கிரிப்டுடாங்குறான், இன்னொருத்தன் டைசனுக்கு வயசாயிருச்சு அம்புட்டுதாங்குறான். ஆனா மேட்சுக்கு முன்னாடியே வெளில வந்த கண்டிஷன ஒரு பயலும் படிக்கல, நானும்தான். அத எப்படி படிக்குறதுன்னு இப்ப சொல்றேன்.

முதல்ல எக்ஸிபிஷனா (சும்மா காட்சிக்கு, ரெக்கார்டுல ஏறாது) புரோ மேட்சான்னு (ரெக்கார்டுல ஏறுறது) பாருங்க. 2021ல பழைய பாக்சிங் சாம்பியன் மேவெதரும் ஜேக் பாலோட அண்ணன் லோகன் பாலும் மோதுனது எக்ஸிபிஷன், 8 ரவுண்டு முழுசா போச்சு, ஜட்ஜ் கிடையாது, ஜெயிச்சவன்னு யாரும் கிடையாது, அதுக்குப்போயி யார் ஜெயிச்சான்னு இன்னமும் சண்ட போடுறாங்க. டைசன் மேட்ச டெக்சாஸ் மாநில அமைப்பு புரோ மேட்ச்சாவே அனுமதிச்சுச்சு, அதனால அந்த தோல்வி அவரு ரெக்கார்டுல ஏறிருச்சு. பாக்ஸ்ரெக் சைட்ல பேர போட்டா யாரு யார்கிட்ட அடிச்சாரு, யார்கிட்ட வாங்குனாருன்னு முழுசா வந்துரும்.

அடுத்து ரவுண்டும் கிளவுஸும். ஆம்பளைங்க புரோ மேட்ச்னா ரவுண்டுக்கு 3 நிமிஷம், இந்த வெயிட்டுக்கு 10 அவுன்ஸ் கிளவுஸ். அன்னைக்கு 2 நிமிஷ ரவுண்டு எட்டு, கிளவுஸ் 14 அவுன்ஸ், அதாவது 280 கிராம் சொச்சம் இருக்க வேண்டியது 400 கிராம் கிட்ட இருக்கு, பஞ்சு கூடுனா அடி குறையும்ல. 24 நிமிஷம் அடிக்க வேண்டிய எடத்துல 16 நிமிஷம். இத யாரும் ஒளிச்சு வைக்கல, முன்னாடியே சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க, நாமதான் போஸ்டர பாத்துட்டு உக்காந்தோம்.

இப்ப முக்கியமான விஷயம், ஜோடி. எங்க பக்கம் மாட்டுவண்டி பந்தயம்னா பெரிய மாடு தனி, அதவிட சின்ன கரிச்சான் மாடு தனி, அதுக்கும் சின்ன பூஞ்சிட்டு தனி, கரிச்சான கொண்டுபோயி பெரிய மாட்டோட விட்டா ஊரே கமிட்டிய கேள்வி கேக்கும். பாக்சிங்லயும் அதே கேள்வியதான் கேக்கணும், வெயிட் என்ன, வயசு என்ன, கடைசியா எப்ப ஒழுங்கா அடிச்சாரு. டைசனுக்கு 58, ஜேக் பாலுக்கு 27, டைசனோட அதுக்கு முந்துன புரோ மேட்ச் 2005ல, அதுலயும் தோத்தாரு. 8 ரவுண்டுலயும் சேத்து அவரு போட்ட குத்துல 18 தான் பட்டுச்சுன்னு கணக்கு சொல்லுச்சு. இதுக்கு ஸ்கிரிப்ட் எதுக்குங்க, ஜோடி சேத்தப்பவே முடிவு பாதி எழுதியாச்சு.

அந்த ஜோடிய யாரு சேக்குறாங்கன்னும் பாருங்க. ஜேக் பாலுக்கு மோஸ்ட் வேல்யுபிள் ப்ரமோஷன்ஸ்னு சொந்த கம்பெனியே இருக்கு. பந்தயம் நடத்துறவனே வண்டியும் ஓட்டுறான்! அவரு அடிச்சு சாச்ச லிஸ்ட பாத்தா நேட் ராபின்சன் கூடைப்பந்து ஆளு, பென் ஆஸ்க்ரனும் டைரன் வுட்லியும் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்ட) ஆளுங்க. பாக்சிங்கே தொழிலா வச்சிருந்த, அவரு வயசு ஒத்த டாமி ஃப்யூரி 2023 பிப்ரவரில வந்தாரு, ஜேக் பால் தோத்தாரு.

அப்ப பெரிய ஆளோட மோதுனா நேர்மைனு சொல்லலாமா? அதுவும் எனக்கு ஒப்பல. 2025 டிசம்பர்ல ஆன்டனி ஜோஷுவாவோட மோதுனாரு, ஒலிம்பிக் தங்கம், ரெண்டு தடவ ஹெவிவெயிட் சாம்பியன், வெயிட்டும் பன்னெண்டு கிலோ கிட்ட கூட. 6வது ரவுண்டுல ஜோஷுவா சாச்சுட்டாரு, ஜேக் பாலுக்கு தாடை ரெண்டு எடத்துல ஒடஞ்சுச்சு. ஜாலியா மீம் போட்டோம், ஆனா கரிச்சான் மாட்ட பெரிய மாட்டோட விட்ட கதைதான் அது. ஆசைப்பட்டுத்தானே போனான்னு விட்டுர முடியாது, அனுமதி குடுக்குற அமைப்பு எதுக்கு இருக்கு.

ரேங்கிங்கையும் ஒரு கண்ணு வச்சிக்கங்க. 2025 ஜூன்ல மெக்சிகோ பாக்ஸர் சாவெஸ் ஜூனியர ஜெயிச்சதும், டபிள்யூபிஏங்குற உலக பாக்சிங் அமைப்பு ஜேக் பால க்ரூசர்வெயிட்ல (ஹெவிவெயிட்டுக்கு கீழ உள்ள பிரிவு) 14வது எடத்துல வச்சுச்சு. சின்ன ஹால்ல பத்து வருஷமா அடி வாங்கி மேல வர்றவன் ஒருத்தன் அதனால ஒரு எடம் கீழ எறங்கிருப்பான்ல, எனக்கு வயிறு எரியுறது அங்கதான்.

கடைசியா, அலாரத்த மெயின் மேட்சுக்கு வைக்காம ரெண்டு மணி நேரம் முன்னாடி வைங்க. டைசனுக்கு முன்னாடி அதே ரிங்ல பொம்பள பாக்ஸருங்க கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் 10 ரவுண்டு அடிச்சுக்கிட்டாங்க, செரானோ கண்ணுக்கு மேல கிழிஞ்சு ரத்தம் கொட்டுது, நிறுத்தல, மூணு ஜட்ஜும் 95-94னு டெய்லருக்கு குடுத்தாங்க. பணியாரத்த அடுப்புல விட்டுட்டு ஆச்சி கரண்டியோட வந்து நின்னு பாத்தது அந்த மேட்சத்தான். டைசன் வந்தப்ப உள்ள போயிட்டாங்க.