பழைய ரேடியோ ஸ்கேனர்ல நிக்காம வந்த பேட்டரி லோ, கடைசில சரி ஆச்சு

ஏற்காட்டுல இருக்கேன், ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் இருக்கு, 144-146 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பேச்சு கேக்க ஒரு பழைய கையடக்க ஸ்கேனர் (அலைவரிசைய ஒண்ணொண்ணா தேடி கேக்குற ரேடியோ), நாலு ஏஏ செல் போடுறது. மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து ஃபுல் சார்ஜ் செல் போட்டாலும் பத்து நிமிசத்துல பேட்டரி லோன்னு பீப் அடிக்கும். செல்தான் செத்துருச்சுன்னு சேலம் போய் புதுசா நாலு வாங்கிட்டு வந்தேன், அதே பீப்.

மல்டிமீட்டர் வச்சு பாத்தப்பதான் புரிஞ்சுது. ஸ்கேனர் ஓடும்போது செல் முனையில 5.1 வோல்ட், ஆனா உள்ள சர்க்யூட் போர்டுக்கு போற வயர்ல 4.4 தான். நடுவுல 0.7 எங்கயோ தொலையுது. ஆஃப்ல அளந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டும், அதனால ஓடும்போதே அளக்கணும், இது ரொம்ப முக்கியம்ங்க.

மைனஸ் பக்க ஸ்பிரிங் அடியில பச்சையா பூத்திருந்துச்சு, எப்பவோ அல்கலைன் செல் கசிஞ்சது, மேல இங்க பனி ஈரம் வேற. இயர்பட்ல வினிகர் தொட்டு தேச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சு, நல்லா காயவிட்டு, ஸ்பிரிங் ரிவெட்டையும் வயரையும் திரும்ப சால்டர் பண்ணேன். இப்ப போர்டுல 5.05 வருது.

இன்னொண்ணு, சில ஸ்கேனர்ல செல் வகை மாத்த குட்டி சுவிட்ச் இருக்கும், ரீசார்ஜ் செல்லு 1.2 வோல்ட், அல்கலைன் 1.5, தப்பா இருந்தா சீக்கிரமே லோ காட்டும், அதையும் பாத்துக்கோங்க. நேத்து சாயங்காலம் நாலு மணி நேரம் ஓடுச்சு, ஒரு பீப் இல்ல.