சிற்றுண்ணியை அரைத்துவிட்டுப் பெயரைத் தேடாதீர்கள்

குளத்து நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். குங்குமப் பொட்டுக்குக் கால் முளைத்ததுபோல ஒரு சிவப்புப் புள்ளி குறுக்கே நீந்திப் போகும். அதுதான் நன்னீர்ச் சிற்றுண்ணி. எட்டுக் கால், உடம்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உலகம் முழுக்க 6,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தட்டில் ஓடுவது எது என்று சொல்ல உடலமைப்பைப் பார்க்கலாம், டிஎன்ஏ பார்கோடும், அதாவது இனத்தை அடையாளம் காட்டும் ஒரு சிறு மரபணுத் துண்டின் எழுத்து வரிசையும், எடுக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போதுதான் கால் வழுக்குகிறது.

முதல் வழுக்கல் கரையிலேயே நடந்துவிடும். சிற்றுண்ணி ஆய்வாளர்கள் வழிவழியாகப் பயன்படுத்துவது கோனிக்கே திரவம்: கிளிசரின், நீர், அசிட்டிக் அமிலம் கலந்தது. அதில் உடம்பு மிருதுவாகவே இருக்கும், பிரித்துப் பார்க்க வாகானது. ஆனால் அந்த அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ஏதனாலில் போட்டால் டிஎன்ஏ பிழைக்கும். உடம்போ விறைத்துப்போய், ஊசி பட்டால் கால் ஒடியும், நிறமும் வெளுக்கும். அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரே இடத்தில் பிடித்தவற்றில் சிலவற்றைக் கோனிக்கேயிலும் சிலவற்றை 96 சதவீத ஏதனாலிலும் போடுங்கள். குளத்து நீரும் கூடவே சேர்ந்து ஏதனாலை நீர்க்கச் செய்துவிடும். மறுநாள் புதிதாக மாற்றி ஊற்றுவது நல்லது.

அடுத்தது, என் கணக்கில் மிகப் பெரிய தவறு: முழு உடலையும் அரைத்து டிஎன்ஏ எடுப்பது. வரிசை கைக்கு வரும், ஆனால் ‘இது எந்த இனம்?’ என்று யாராவது சந்தேகப்பட்டால் திரும்பிப் பார்க்க உடல் இருக்காது. அரைக்க வேண்டிய அவசியமே இல்லை. மெல்லிய ஊசியால் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு, புரதத்தைக் கரைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதி கலந்த கரைசலில் இரவு முழுக்க வெதுவெதுப்பாக ஊறவிட்டால் உள்ளிருக்கும் திசு கரைந்துவிடும். காலையில் பார்த்தால் கண்ணாடிபோல வெறும் கூடு மிதக்கும். தகடுகள், பிறப்புறுப்பைச் சுற்றிய கிண்ணங்கள், வாயருகே சிறு கால்போல இருக்கும் பால்ப்பின் முட்கள் எல்லாம் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். அதைச் சிலைடில் ஏற்றி, டிஎன்ஏ குழாயில் எழுதிய அதே எண்ணை அதன்மேலும் எழுதுங்கள். எண் மாறிப்போனால் அரைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

சரி, வரிசை வந்துவிட்டது. பார்கோடுக்கு வழக்கமாக எடுப்பது சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் 658 எழுத்துகள். அவை சிற்றுண்ணியுடையவைதானா? யூனியோனிகோலா பேரினத்தில் பல இனங்கள் நன்னீர் மட்டிகளின் செவுள்களுக்குள் வாழ்பவை. கவனிக்காவிட்டால் மட்டியின் மரபணு பெருகி வந்து நிற்கும். இரையை உறிஞ்சிய வயிற்றிலிருந்து கொசுவின் டிஎன்ஏவும் வரலாம். இன்னொரு பக்கம், நல்ல வரிசையையே போலி மரபணு (வேலை செய்யாத நகல்) என்று தூக்கிப்போடுகிறவர்களும் உண்டு. வரிசையைப் புரதமாக மொழிபெயர்க்கும்போது முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க மறந்துவிடுகிறார்கள். பொதுக் குறியீட்டில் டிஜிஏ என்ற மூன்றெழுத்துக்கு ‘நிறுத்து’ என்று பொருள். இங்கே அது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். சரியான குறியீட்டிலும் நடுவில் நிறுத்தம் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தரவுத்தளத்தில் தேடினால் முதல் வரியில் ஏதோ ஒரு பெயர் வரத்தான் செய்யும். 88 சதவீதம் ஒத்துப்போகிறது என்று அந்தப் பெயரை எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் இனம் அங்கே இன்னும் ஏறவில்லை என்பதற்குத்தான் அது அறிகுறி. 99 சதவீதம் ஒத்துப்போனாலும் பெயரை ஏற்றியவர் ஒரு மனிதர்தான், அவருக்கும் தவறியிருக்கலாம். போல்ட் என்ற பார்கோடு தரவுத்தளம் தரும் ‘பின்’ எண்ணும் ஒத்த வரிசைகளின் ஒரு கொத்துக்கான அடையாளமே தவிர இனப்பெயர் அல்ல. இரண்டு மூன்று சதவீதம் வேறுபட்டாலே புது இனம் என்ற கணக்கும் எல்லாப் பேரினத்துக்கும் பொருந்தாது.

ஐரோப்பாவின் ஹைக்ரோபேட்டஸ் நைக்ரோமாகுலாட்டஸ் என்ற சிற்றுண்ணி இதற்கு நல்ல உதாரணம். ஏரியிலும் ஓடையிலும் வாழும் ஒரே இனமாக எண்ணப்பட்டது. 2010-இல் வெளியான ஆய்வில் மரபணு அவற்றை இரண்டாகப் பிரித்தது. மறுபடி உடலைப் பார்த்தால் அங்கேயும் வேறுபாடு இருந்தது. ஓடையில் வாழ்வதற்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை. பெசலிங் என்ற ஆய்வாளர் 1942-லேயே சூட்டிய செட்டோசஸ் என்ற பெயர் காத்திருந்தது. மரபணு பிரித்ததுமே ‘புது இனம்’ என்று எழுதியிருந்தால் வீண் பெயர் ஒன்றுதான் கூடியிருக்கும்.

பெண்ணை மட்டும் வைத்துப் பெயர் சொல்லத் துணிவது இன்னொரு பொறி. அர்ரெனூரஸ் பேரினத்தில் ஆணுக்குப் பின்பக்கம் வால்போல நீண்டிருக்கும். இனத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். பெண்கள் பலவும் ஒன்றுபோலவே இருக்கும். குஞ்சுகளோ இன்னும் மோசம்: ஆறே கால். தும்பியின் அடிப்பக்கம் சிவப்பு மணி கோத்ததுபோல ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பலர் அதைத் தும்பியின் முட்டை என்றே நினைக்கிறார்கள். வளர்ந்தவற்றை அடையாளம் காணும் அட்டவணை அவற்றிடம் செல்லாது. பார்கோடு உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான்: குஞ்சு, பெண், ஆண் மூன்றின் வரிசையும் ஒன்றாக வந்தால், ஆணின் வாலைப் பார்த்து மற்ற இரண்டுக்கும் பெயர் சொல்லிவிடலாம். அதற்கு அந்தக் குளத்தில் ஓர் ஆணாவது வலையில் விழுந்திருக்க வேண்டும்; விழவில்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு இன்னொரு நாள் வலையோடு போகலாம்.