திருமலைக் கோட்டை வாசலில் இறங்கிப் பாருங்கள்

விடுமுறைக்குத் திருகோணமலை (திருமலை) போகிறவர்களில் பலர் வான் வண்டியில் ஏறினால் கோணேசர் கோயிலடியில்தான் இறங்குவார்கள். பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது வழியிலேயே தவறிவிடும். சாரதியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "கோட்டை வாசலில இறக்கிவிடுங்கோ, மேல நடந்து வாறம்."

பிரெட்ரிக் கோட்டை வாசல் கற்களில் கயல்மீன்கள் செதுக்கியிருக்கும். கூடவே சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று. "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை" என்று தொடங்கி, குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த அந்தக் கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பின்னால் பிரிப்பான் என்கிறது. போர்த்துக்கேயர் 1620-களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோயில் இடிபடும் என்று சொன்ன கல் இடித்தவர்களின் வாசலிலேயே நிற்கிறது! யார் வெட்டியது, எப்போது, எல்லாம் நடந்து முடிந்தபின் எழுதிய தீர்க்கதரிசனமா என்பதெல்லாம் இன்றும் தீராத வழக்கு. மீன்களும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் கோணமலையில் பாண்டியர் சின்னமான இணைக்கயல் பொறித்ததாகத் தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கயல்கள் இவைதானா என்பதற்கு அத்தாட்சி கிடையாது. யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

உச்சி வெயிலில் போனால் வெறுங்கல்தான் தெரியும். காலையோ பின்னேரமோ, வெயில் சாயும்போது எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். அப்போது ஓரளவு வாசிக்கலாம். எழுத்து தெரிவதற்காகச் சோக்குக்கட்டி பூசுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுக் கல்லைப் படம் எடுங்கள், முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். வழியில் மான்கள் பக்கத்திலேயே வரும். கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைத் தின்னக் கொடுத்துவிடாதீர்கள்.

மேலே, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை உச்சியில் இன்னொரு புதிர்: ஒல்லாந்த (டச்சு) எழுத்து வெட்டிய கல்தூண். 1687ஆம் ஆண்டும் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரும் அதில் உண்டு. காதலன் கப்பலேறிப் போனதால் அவள் இங்கிருந்து கடலில் குதித்தாள் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1691இல் அவளுடைய வளர்ப்புத் தந்தை ஹென்றிக் வான் ரீட் இறந்தபோது அவள் உயிரோடுதான் இருந்தாள். தூண் பழைய கோயிலுடையது என்பது பரவலான கருத்து. எந்த மண்டபத்தைத் தாங்கியது, அவள் பெயரை ஏன் அதில் வெட்டினார்கள் என்பதுதான் உண்மையான மர்மம். எனக்குக் காதல் கதையைவிட இதுவே சுவாரசியம்.

கோயிலுக்குள் செருப்பு கிடையாது, வெயில் ஏறினால் தரை கொதிக்கும்; வயதானவர்களோடு போனால் காலையிலேயே போய்விடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை திருமலையில் மழை குறைவு, கடலும் அமைதி. கார்த்திகை, மார்கழியில் குடை இல்லாமல் போகாதீர்கள்.

அப்புறம், எப்படியும் நிலாவெளிக் கடற்கரைக்குப் போவீர்கள். குளிக்கப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: கோணேசர் கோயிலுக்கு 250 வேலி (பழைய நில அளவு) நிலம் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது அந்த நிலாவெளியில்தான்.