பதற்றம், மனச்சோர்விலிருந்து மீளும்போது இணையத்தில் ஆதரவுக் குழு தேடுவது எப்படி? (குமரி மாவட்டத்தினருக்கு)

சிகிச்சை தொடங்கிவிட்டவர்கள், அல்லது தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள், தங்களைப் போன்றவர்களோடு பேச இடம் தேடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே விளக்கம். ஆப் இறக்குவது, மின்னஞ்சல் தொடங்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

குழு என்பது சிகிச்சைக்குப் பதில் ஆகாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே ஓ.பி. சீட்டு போட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தேடும் முன் எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்

14416: டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சென்னையில் உள்ள ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் குழுவில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நேராக இவற்றில் ஒன்றை அழையுங்கள்.

எந்த ஆப்?

நம் மாவட்டத்தில் இதுதான் முக்கியமான முடிவு. ஊர்கள் நெருக்கமானவை. பள்ளிக்கூடம், கோயில், சர்ச் பங்கு, கல்யாண ஆலோசனை (வரன் பேசுவது) என்று ஏதாவது ஒரு வழியில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதனால் உங்கள் போன் எண் யாருக்கும் தெரியாத இடமாகப் பாருங்கள்.

வாட்ஸ்அப் வேண்டாம். குழுவில் சேர்ந்த உடனே உங்கள் எண் அத்தனை உறுப்பினர்களுக்கும் தெரியும். ஃபேஸ்புக் குழுக்களில் பெயர் காட்டாமல் பதிவிடும் வசதி உண்டு, ஆனால் அட்மினுக்கு நீங்கள் யார் என்று தெரியும். அட்மின் பக்கத்து ஊர்க்காரராக இருந்துவிட்டால்?

என் முதல் பரிந்துரை ரெடிட். தலைப்புவாரியாகக் குழுக்கள் உள்ள இணைய விவாதத் தளம் இது. போன் எண் இல்லாமல், மின்னஞ்சல் மட்டும் வைத்தே சேரலாம். இதற்கென்றே புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். பயனர் பெயரில் ஊர்ப் பெயரோ பிறந்த ஆண்டோ வீட்டுப் பெயரோ வரக்கூடாது. இந்தக் கணக்கில் வேறு எதுவும் எழுதவும் கூடாது. மார்த்தாண்டம் மேம்பால நெரிசலைப் பற்றியும், தான் படித்த கல்லூரியைப் பற்றியும், சாப்பிடும் மாத்திரையைப் பற்றியும் ஒரே கணக்கில் எழுதியவரைப் பழைய பதிவுகளைப் புரட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

டெலிகிராம்: பலர் சறுக்கும் இடம்

தமிழ்க் குழுக்கள் பலவும் டெலிகிராமில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → போன் நம்பர் என்று போய் 'நோபடி' வையுங்கள். வைத்ததும் கீழே இன்னொரு கேள்வி வரும்: உங்கள் எண்ணை வைத்து யார் உங்களைத் தேடலாம் என்று. அதில் 'மை கான்டாக்ட்ஸ்'. ஃபார்வர்டட் மெசேஜஸ் என்பதையும் 'நோபடி' ஆக்குங்கள். இல்லையென்றால் உங்கள் செய்தியை யாராவது வேறு இடத்துக்கு அனுப்பும்போது உங்கள் கணக்குக்கான இணைப்பும் கூடவே போகும். புகைப்படத்தை எடுத்துவிடுங்கள். தொடர்பு எண்களைப் பார்க்க ஆப் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இத்தனை செய்தாலும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து, டெலிகிராமிலும் ஏற்றி வைத்திருப்பவருக்கு, நீங்கள் இப்போது வைக்கும் புனைபெயர் தெரியாது. குழுவில் நீங்கள் 'கடல்காற்று' என்று பெயர் வைத்துக்கொண்டாலும், பக்கத்து வீட்டு அக்காவின் திரையில் அவர் சேமித்து வைத்த 'ஷீபா டெய்லர் தக்கலை' என்பதுதான் தெரியும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு இதை முழுதாக அடைக்க வழியில்லை. வேறு சிம் வாங்கி, அதில் புதுக் கணக்கு தொடங்குவதுதான் தீர்வு. அந்த எண்ணை ஊரில் யாருக்கும் கொடுக்காதீர்கள். பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். ஆகவே இரட்டைச் சரிபார்ப்புக் கடவுச்சொல்லையும் போட்டுவையுங்கள்.

சேர்ந்ததும் எழுதாதீர்கள், ஒரு வாரம் படியுங்கள்

குழு நல்லதா என்பது உறுப்பினர் எண்ணிக்கையில் தெரியாது. மிக மோசமான நிலையில் ஒருவர் எழுதும்போது அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் தெரியும். ஒரு மாதம் பின்னால் போய், இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதப்பட்ட கனமான பதிவுகள் மூன்றைத் தேடி எடுங்கள். முதல் பதில் எவ்வளவு நேரத்தில் வந்தது? என்ன சொன்னது?

"இப்போ பக்கத்துல ஆரு இருக்கா? எதாவது சாப்பிட்டியா மக்களே? 14416-க்கு ஒரு போன் போடு, நான் லைன்ல இருக்கேன்" என்ற மாதிரிப் பதில் வந்திருந்தால் தாராளமாக இருங்கள். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா", "நல்லா ஜெபம் பண்ணு, மாத்திரை எதுக்கு" என்று வந்து, அட்மினும் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஜெபமும் பூஜையும் பலருக்குத் தெம்பு தருகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதுதான் ஆபத்து.

ஏனென்றால் மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டப் பல வாரங்கள் ஆகலாம், ஆனால் குமட்டல், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வரலாம். குழுவில் "எனக்கு ஒத்துக்கல, நிறுத்திட்டேன்" என்று படிப்பது சரியாக அந்த நேரமாக இருக்கும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதி, உடம்பில் கரண்ட் அடித்த மாதிரி உணர்வு வரலாம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரோடு மட்டும் பேச வேண்டியது.

தனிச்செய்தியில் வந்து "நான் கவுன்சலர், முதலில் பணம் அனுப்புங்க" என்பவர்களிடம் பதிவு எண் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. எண்ணைச் சொல்லத் தயங்கினால் தடை செய்துவிடுங்கள்.

முதல் பதிவு

நாலைந்து வரி போதும். என்ன செய்கிறது, எவ்வளவு நாளாக, சிகிச்சையில் இருக்கிறீர்களா, என்ன வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அறிவுரை மழை பெய்யும்போது மனசு நொந்துபோகிறார்கள். இப்படி எழுதலாம்:

"மூணு மாசமா காலைல எழும்பவே முடியல. மருத்துவரைப் பாத்து மாத்திரை சாப்பிடுறேன். வேலைக்குத் திரும்பப் போகப் பயமா இருக்கு. இதே மாதிரி இருந்து திரும்பப் போனவங்க எப்படி ஆரம்பிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அறிவுரை இப்போ வேண்டாம்."

ஓ.பி. சீட்டு, மாத்திரைச் சீட்டு எதையும் படம் எடுத்துப் போடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவமனையில் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. குழுவில் இருப்பவர்களுக்கு அந்தக் கடமை கிடையாது.

எவ்வளவு நேரம்?

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தாராளம். அறிவிப்பை அணைத்துவையுங்கள், படுக்கையில் வைத்துப் படிக்காதீர்கள். அமெரிக்காவில் நடக்கும் வீடியோ கூட்டங்களுக்கு அழைப்பு வந்தாலும் வேண்டாம் என்பேன்: அங்கே கிழக்குக் கரையில் மாலை 7 மணி என்றால் நமக்கு விடிகாலை 4.30 அல்லது 5.30. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எந்த ஆறுதலும் தேவையில்லை.

ஒரு தாளில், குழுவைத் திறக்கும் முன் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், மூடிய பின் ஒன்று. இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலான நாள்களில் மூடிய பின் குறைகிறது என்றால், அந்தக் குழு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் இப்போது உங்களுக்குச் சரிப்படாது. ஒரே வலியைத் திரும்பத் திரும்பப் பேசுவதே சோர்வைக் கூட்டும்.

பிற்சேர்க்கை

வீட்டில் எல்லாரும் ஒரே போனைப் பயன்படுத்துகிறோம், என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். டெலிகிராமிலேயே பாஸ்கோட் பூட்டு உண்டு. பூட்டுத்திரையில் செய்தி தெரியாதபடி போனின் அறிவிப்பு அமைப்பையும் மாற்றுங்கள். ரெடிட் என்றால் பிரவுசரில் தனிச்சாளரம் (இன்காக்னிடோ) திறந்து பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்களுக்கு வாரக்கணக்கில் சிக்னல் இருக்காது. நேரம் குறித்துப் பேசும் குழுக்கள் அவர்களுக்கு ஒத்துவராது. பதில்கள் அப்படியே கிடக்கும் ரெடிட் மாதிரி இடம்தான் நல்லது. கடலுக்குப் போகும் முன் எழுதிவிட்டு, கரை வந்து படிக்கலாம். எத்தனை நாள் மாத்திரை கையில் வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் 14416-ஐ நம்பியிருக்க வேண்டாம், அது இந்தியாவுக்குள் அழைப்பதற்கான எண். ஸ்நேகாவை +91 44 24640050 என்று அழைத்துப் பாருங்கள். அங்கே உள்ளூர் அவசர எண்ணையும், இரவில் எழுப்பினாலும் கோபப்படாத அறைத்தோழர் ஒருவரின் எண்ணையும் போனின் முதல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.